பத்துக்கு நாலு என்று சொன்னேன்

“நாலு எழுத்து படிச்சா நோவு பயந்துகினு ஓடிடுமா?”

வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்கு வந்த மூன்றாவது நாள் அம்மா இப்படிக் கேட்டாள். மாமல்லபுரம் மார்க்கெட்டில் மீன் விற்றுவிட்டு வந்து அன்னக்கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் நோட்டில் கேள்விகள் எழுதிக்கொண்டிருந்தேன். மறுநாள் செங்கல்பட்டில் நான் காட்டிக்கொண்டிருந்த தனியார் மருத்துவமனையில் மயக்க மருந்து டாக்டரைப் பார்க்க வேண்டும். பிரசவ வலியைக் குறைக்க என்னென்ன வழி இருக்கிறது, எனக்கு எது சரி என்று அவரிடம் கேட்டு முடிவு செய்வதாக இருந்தேன்.

எங்கள் குப்பத்தில் எங்கள் குடும்பத்திலிருந்து முதலில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவள் நான். அப்பா ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவர், அம்மா மீன் விற்கிறவள், இரண்டு பேரும் பள்ளிக்கூட வாசலை என்னைச் சேர்க்கும்போதுதான் மிதித்தார்கள். இப்போது சிறுசேரியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சோதனைப் பிரிவில் வேலை செய்கிறேன். இதைப் பெருமைக்குத்தான் சொல்கிறேன். ஆனால் இந்தக் கதையில் என்னைக் கொஞ்சம் கவிழ்த்துவிட்டதும் அந்தப் பெருமைதான், அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

அம்மா கேட்டது கிண்டல் மட்டும் இல்லை. அதில் பயமும் இருந்தது. எனக்குப் பிறகு என் தம்பி பிறந்ததும் அவளுக்குக் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் நடந்தது. முதுகில் ஊசி போட்டார்கள். அன்றிலிருந்து இடுப்பு விட்டுப்போனதாக அம்மாவின் கணக்கு. “முதுவுல மட்டும் ஊசி வாணாம், சொல்லிட்டேன்,” என்று மறுநாள் என்னோடு கிளம்பி வந்துவிட்டாள்.

மயக்க மருந்து டாக்டர் நாற்பது வயதுள்ள பெண்மணி. என் நோட்டைப் பார்த்துச் சிரிக்கவில்லை. வாங்கிப் படித்தார்.

மருந்தே இல்லாமலும் வலியைக் குறைக்கலாம் என்றுதான் தொடங்கினார். நடப்பது, வெந்நீர் ஒத்தடம், இடுப்பை அழுத்திவிடுவது, கூடவே நமக்குப் பிடித்த ஒருவர் இருப்பது, இவையெல்லாம் பலருக்கு உதவும். அடுத்தது தொடையில் போடும் வலி ஊசி. வலி போகாது, மங்கும். தூக்கம் வரும், சிலருக்கு வாந்தியும் வரும். குழந்தை பிறக்கும் நேரத்துக்கு ரொம்பப் பக்கத்தில் போட்டால் குழந்தைக்கும் அந்த மந்தம் கொஞ்சம் போகலாம் என்பதால் நேரம் பார்த்துத்தான் போடுவார்கள். முகமூடி வழியாக உறிஞ்சும் வாயு சில மருத்துவமனைகளில் உண்டு, இங்கே இல்லை என்றார்.

கடைசியாக எபிடியூரல். முதுகெலும்புக்குள் தண்டுவடத்தைச் சுற்றி ஒரு உறை இருக்கிறது. அந்த உறைக்கு வெளியே நூல் போன்ற ஒரு குழாயை வைத்து, அதன் வழியாக மருந்தைச் சிறிது சிறிதாக விடுவார்கள். இடுப்புக்குக் கீழே வலி மரத்துவிடும், நினைவு முழுதாக இருக்கும். ரத்த அழுத்தம் இறங்கலாம், உடம்பு நடுங்கலாம், அரிப்பு வரலாம், முக்கித் தள்ளும் நேரம் சிலருக்கு நீளலாம். ரொம்ப அரிதாக, சில நாள் நீடிக்கும் கடும் தலைவலி வரலாம். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைவாக இருந்தால் போடவே மாட்டார்கள், அதற்கு ஒரு ரத்தப் பரிசோதனை எழுதினார்.

“முதுவு?” என்றாள் அம்மா.

“ஊசி போட்ட இடம் சில நாள் வலிக்கும்மா. வருஷக்கணக்கா வர்ற முதுகுவலிக்கு இது காரணமில்ல. நீங்க என்ன வேலை செய்றீங்க?”

“மீனு விக்கறேன்.”

“தலையில தூக்கிட்டா? எவ்வளவு இருக்கும்?”

“ஐஸோட சேத்து முப்பது கிலோ இருக்கும்.”

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு அம்மாவின் கழுத்தையும் இடுப்பையும் பார்த்தார். வெளியே வந்ததும் அம்மா என்னிடம், “அந்தம்மா இன்னா என் கூடையக் குத்தம் சொல்லிகினு கீது?” என்றாள்.

எபிடியூரல் என்று முடிவு செய்தேன். என் கோப்பில் எழுதினார்கள். கிளம்பும்போது டாக்டர் ஒன்று சொன்னார். “எழுதி வச்சிருக்கோம்னு நாங்களா வந்து போட மாட்டோம் ரேவதி. வலிக்குதுன்னு நீங்க சொல்லணும். அப்பதான் என்னைக் கூப்பிடுவாங்க.” நான் தலையாட்டினேன். இதில் என்ன கஷ்டம் என்று நினைத்தேன்.

ஒரு சனிக்கிழமை விடிந்ததும் வலி தொடங்கியது. கணவர் கார்த்தி நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் எலக்ட்ரீஷியன், காலை ஷிஃப்டில் இருந்தார். அம்மா சீரகக் கஷாயம் வைத்தாள். சூட்டு வலியாக இருந்தால் கஷாயத்துக்கு அடங்கிவிடும், அடங்காவிட்டால் அதுதான் பிரசவ வலி. இதுதான் எங்கள் பக்கத்துச் சோதனை. நான் ஃபோனில் வலிக்கு வலி நிமிடம் குறித்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் கஷாயமும் என் ஃபோனும் ஒரே நேரத்தில் ஒரே முடிவுக்கு வந்தன. அம்மா வெந்நீர் ஊற்றி, விளக்கெண்ணெயை வயிற்றிலும் முதுகிலும் வழிய வழியத் தேய்த்துவிட்டாள். இதமாகத்தான் இருந்தது. வேண்டாமென்று எனக்குத் தோன்றவே இல்லை.

பக்கத்து வீட்டு அண்ணனின் காரில் போனோம். திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும். ஆனால் அந்தச் சாலையில் இத்தனை வேகத்தடை இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது. கோயில் மலை தெரிந்ததும் அம்மா ஒரு கையால் கும்பிட்டாள். இன்னொரு கை என் இடுப்பில் இருந்தது.

பிரசவ அறையில் உள்ளே சோதித்துப் பார்த்துக் கர்ப்பப்பை வாய் நாலு சென்டிமீட்டர் திறந்திருக்கிறது என்றார்கள். பத்து வரை திறக்க வேண்டும். செவிலியர் கோப்பைப் பார்த்தார்.

“எபிடியூரல்னு எழுதியிருக்கே. வலி எப்படி இருக்கு? பூஜ்யம்னா வலியே இல்ல. பத்துன்னா தாங்கவே முடியல. பத்துக்கு எவ்வளவு சொல்வீங்க?”

“நாலு,” என்றேன்.

“அப்ப இன்னும் கொஞ்சம் பாக்கலாமா, டாக்டரைக் கூப்பிடட்டுமா?”

“பாக்கலாம்.”

அது நாலு இல்லை. ஏழு இருக்கும். ஏன் அப்படிச் சொன்னேன் என்று பின்னால் நிறைய யோசித்திருக்கிறேன். என் வேலையே மென்பொருளில் தவறு கண்டுபிடித்து அது எவ்வளவு கடுமையானது என்று குறிப்பதுதான். புதிதாகச் சேருகிறவர்கள் எல்லாவற்றையும் ‘மிகக் கடுமை’ என்று குறிப்பார்கள். ஒரு மாதத்தில் அவர்கள் சொல்வதை யாரும் நம்ப மாட்டார்கள். நான் அப்படி இல்லை. பெரிய எண்ணை அடிக்கடி எடுக்க மாட்டேன், அதனால் நான் எடுத்தால் எல்லோரும் ஓடி வருவார்கள். வலிக்கும் அதையே செய்தேன். இதைவிட மோசமான வலி இனிதானே வரப்போகிறது, இப்போதே ஏழு சொல்லிவிட்டால் அப்போது சொல்ல என்ன மிச்சம் இருக்கும் என்று எண்ணை ஒதுக்கி வைத்தேன்.

ஒரு மணி நேரம் கழித்துக் கேட்டபோதும் நாலு. அடுத்த முறை ஐந்து. “நல்லாத் தாங்குறீங்க,” என்றார் செவிலியர். பரீட்சைத் தாளில் சரிக்குறி போட்ட மாதிரி அதை வாங்கிக்கொண்டேன். பக்கத்து அறையிலிருந்து ஒரு பெண் கத்துவது கேட்டது. நான் கத்தவில்லை என்பதில் எனக்கு ஒரு திருப்தி கூட இருந்தது. அந்தத் திருப்திக்காக இன்றைக்கு வெட்கப்படுகிறேன்.

பன்னிரண்டு மணிவாக்கில் பனிக்குடம் உடைந்தது. அதன் பிறகு வந்த வலி வேறு. இடுப்பெலும்பைத் துணி பிழிவது போல யாரோ பிழிந்தார்கள். ஒன்று முடிந்து மூச்சை வெளியே விடுவதற்குள் அடுத்தது வந்தது. “இப்ப வேணும்,” என்றேன். செவிலியர் உடனே ஃபோன் செய்தார். மயக்க மருந்து டாக்டர் அப்போதுதான் அறுவை அரங்குக்குள் போயிருந்தார். பக்கத்து அறைப் பெண்ணுக்கு அவசர சிசேரியன். அன்றைக்குப் பணியில் இருந்தவர் அவர் ஒருவர்தான்.

“எவ்வளவு நேரம் ஆகும்?”

“முடிச்சிட்டு வந்துடுவாங்க. நீங்க இதுவரைக்கும் அஞ்சுதான சொன்னீங்க, சமாளிச்சிடுவீங்க.”

யார் மேலும் குற்றமில்லை. காலையிலேயே மூன்று முறை கேட்டார்கள். மூன்று முறையும் நான்தான் வேண்டாம் என்றேன். இப்போது ஒவ்வொரு வலிக்கும் கர்ப்பப்பை வாய் திறந்துகொண்டே போகிறது. குழந்தை இறங்கத் தொடங்கிவிட்டால் அசையாமல் உட்கார முடியாது, குழாய் வைக்க நேரம் இருக்காது. நான் கேட்டுப் படித்துத் தேர்ந்தெடுத்தது எனக்குக் கிடைக்காமலே போகலாம் என்று அப்போதுதான் உறைத்தது. வலியைவிட அந்தப் பயம்தான் என்னை உடைத்தது.

கூட இருக்க ஒருவரை அனுமதித்திருந்தார்கள், அம்மா இருந்தாள். காலையிலிருந்து முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். நான் கையைக் கடித்துக்கொண்டதைப் பார்த்ததும் தடவுவதை நிறுத்தினாள்.

“அந்தப் பொண்ணுகிட்ட இன்னா நம்பரு சொன்ன நீ?”

“நாலு.”

“அப்பறம்?”

“அஞ்சு.”

அம்மா எழுந்து செவிலியர் மேசைக்குப் போனாள். கதவு திறந்திருந்ததால் எல்லாம் கேட்டது.

“யம்மா, எம் பொண்ணு பொய் சொல்லிகினு கீறா. அஞ்சுலாம் இல்ல அது. எட்டாங்கிளாஸ் படிக்க சொல்ல கால்ல கெளுத்தி முள்ளு ஏறிச்சி. பரிச்ச கீதுன்னு என்கிட்ட சொல்லாம ஷூவப் போட்டுகினு பூட்டா. சாயங்காலம் வூட்டுக்கு வந்தா ஷூவக் கயட்ட முடில, கால் அப்டி வீங்கிகினு கீது. அப்பக் கூட இன்னாடி வலிக்குதான்னா, லேசான்னா. அவ லேசான்னா நீ ஒம்போதுன்னு எழுதிக்க.”

“ஊசி முதுகுலதாம்மா போடுவாங்க. நீங்க வேணாம்னீங்களாமே.”

“அவ கேட்டதுதானே அது. அவளுக்குக் குடுங்க,” என்றாள் அம்மா.

செவிலியர் வந்து மறுபடி சோதித்தார். ஆறு சென்டிமீட்டர். அரங்குக்கு மீண்டும் ஃபோன் செய்து, அங்கே முடிந்ததும் நேராக இங்கேதான் வர வேண்டும் என்று சொல்லிவைத்தார். ஒப்புதல் படிவம், ரத்தப் பரிசோதனைத் தாள், சலைன் எல்லாவற்றையும் முன்கூட்டியே தயார் செய்தார். படிவத்தில் நான் கையெழுத்து போட்டேன். எழுத்து என்னுடையது மாதிரியே இல்லை. உடனிருப்பவர் என்ற இடத்தில் அம்மா கைநாட்டு வைக்க வேண்டும். கட்டைவிரலில் இருந்த விளக்கெண்ணெயில் மை ஒட்டவே இல்லை. புடவையில் துடைத்துத் துடைத்து மூன்றாவது தடவைதான் ரேகை விழுந்தது.

டாக்டர் வந்தபோது ஒரு மணி தாண்டியிருந்தது. கட்டிலில் என்னை உட்காரவைத்து முதுகுப் பக்கம் திறந்தவர் அப்படியே நின்றார்.

“இது யாரு வேலை?”

“நாந்தான்,” என்றாள் அம்மா. “நோவு எறங்கட்டும்னு.”

“நோவு எறங்குச்சோ இல்லையோ, என் பிளாஸ்திரி எறங்கிடும்.”

குழாய் நகராமல் இருக்க அதை முதுகோடு சேர்த்து ஒட்ட வேண்டும். எண்ணெயில் ஒட்டாது. கிருமிநீக்கம் செய்யவும் முடியாது. ஸ்பிரிட்டால் துடைத்தார்கள், சோப்புத் தண்ணீரால் துடைத்தார்கள், மறுபடி ஸ்பிரிட். அதற்குள் நான்கு வலி வந்துபோனது. அம்மா சுவரோரமாக நின்று, தான் உடைத்த பாத்திரத்தைப் பார்ப்பது போல என் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். செவிலியர் பிறகு சொன்னார்.

தலையணையைக் கட்டிக்கொண்டு முதுகைக் கூனி உட்காரச் சொன்னார்கள். முதலில் எறும்பு கடித்தது போல மரப்பு ஊசி. பிறகு ஆழத்தில் ஓர் அழுத்தம். வலது காலில் ஷாக் அடித்தது போல ஒரு சுரீர், அது வரலாம் என்று முன்பே சொல்லியிருந்தார். அசையாமல் இருக்க வேண்டும் என்பதுதான் கொடுமை, நடுவில் ஒரு வலி வந்தது. செவிலியரின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். அப்போது கத்தினேன். அது ஒன்றும் கேவலமாக இல்லை.

கால் மணி நேரத்தில் வலது பக்கம் முழுதும் அடங்கியது. இடது பக்கம் அப்படியே இருந்தது. பாதி உடம்பில் மட்டும் பிரசவ வலி என்றால் எப்படி இருக்கும் என்று யாருக்கும் விளக்க முடியாது. “இடது பக்கம் எவ்வளவு?” என்றார் டாக்டர். “எட்டு,” என்றேன் யோசிக்காமல். குழாயைச் சற்றே வெளியே இழுத்து, இடது பக்கமாகப் படுக்கவைத்து இன்னும் கொஞ்சம் மருந்து விட்டார். சிலருக்கு இப்படி ஒரு பக்கம் தாமதமாகும் என்றார். அலை மெல்ல மெல்லத் தூரம் போனது. வயிறு இறுகுவது தெரிந்தது, வலி இல்லை. உடம்பு குளிரில் நடுங்குவது போல நடுங்கியது. அதுவும் நின்றது.

தூங்கிவிட்டேன்.

கண் விழித்தபோது அம்மா என் மூக்குக்குக் கீழே விரலை வைத்துக்கொண்டிருந்தாள்.

“என்னம்மா?”

“ஒண்ணுமில்ல. மூச்சு வருதான்னு பாத்தேன். நோவுல தூங்கறவள நான் பாத்ததே இல்லடி.”

அம்மா கொஞ்ச நேரம் வெளியே போக, கார்த்தி உள்ளே வந்தார். ஷிஃப்டில் ஆள் மாற்றிவிட்டு, சீருடையோடு, பேருந்து மாறி வந்திருந்தார். அம்மா காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்று தெரிந்து முதலில் அவளுக்கு இட்லி வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தார். பிறகு என் பாதத்தை மடியில் வைத்து அரை மணி நேரம் பிடித்துவிட்டார். கால் மரத்திருந்ததால் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. அதை அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை.

முக்கித் தள்ளும் நேரம் நீண்டது. வலி இல்லாததால் எப்போது தள்ளுவது என்று எனக்குத் தெரியவில்லை. செவிலியர் வயிற்றில் கை வைத்து ஒவ்வொரு இறுக்கத்துக்கும் சொன்னார். கடைசியில் மருந்தைக் குறைத்தார்கள். அழுத்தமும் எரிச்சலும் திரும்பி வந்தன, ஆனால் அவை தாங்கக்கூடியவை. சாயங்காலம் ஆறு மணிக்கு மகள் பிறந்தாள்.

இரண்டு நாள் உடம்பெல்லாம் அரித்தது. ஊசி போட்ட இடம் ஒரு வாரம் தொட்டால் வலித்தது. எபிடியூரலுக்குத் தனியாக ஒரு தொகை பில்லில் இருந்தது, அலுவலகக் காப்பீடு அதில் பாதியைத்தான் ஏற்றுக்கொண்டது. முன்கூட்டியே கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். என் நோட்டில் அந்தக் கேள்வி இல்லை.

வீட்டுக்கு வந்ததும் குப்பத்துப் பெண்கள் குழந்தையைப் பார்க்க வந்தார்கள். சுறாப்புட்டு வந்தது, கூடவே பேச்சும் வந்தது.

“வலியே இல்லாம பெத்துகினியாமே. ஷோக்கா பெத்துகினே போ.”

எனக்குச் சுருக்கென்றது. பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். “ஏழு மணி நேரம் பட்டா எம் பொண்ணு. போதாதா? உனக்குப் பத்தலன்னா நீ போய் இன்னொண்ணு பெத்துக்க.” எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

அன்று சிரிக்காமல் உட்கார்ந்திருந்தவள் செல்வி. நாலு வீடு தள்ளி இருக்கிறாள், இருபத்தொரு வயது, அப்போது ஏழு மாதம். கணவன் படகில் கூலிக்குப் போகிறவன், அம்மா உயிரோடு இல்லை. இரண்டு நாள் கழித்து, என் அம்மா மார்க்கெட்டுக்குப் போன நேரம் பார்த்து வந்தாள்.

“அக்கா, நான் கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரியிலதான் பாக்கறேன். அங்க இதெல்லாம் கேக்கலாமா? கேட்டா திட்டுவாங்களா?”

எனக்குத் தெரியாது என்றேன். போய்க் கேட்போம் என்றேன்.

போன வியாழக்கிழமை போனோம். யாரும் திட்டவில்லை. டாக்டர் அவளிடம் என்னென்ன உண்டு, எதற்கு எவ்வளவு காத்திருக்க வேண்டியிருக்கும் என்று பொறுமையாகச் சொன்னார். செல்வி கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு தனக்கு முதுகு ஊசி வேண்டாம், கூட ஒருவர் இருந்து நடக்கவும் இடுப்பைப் பிடித்துவிடவும் செய்தால் போதும், முடியாமல் போனால் தொடை ஊசி கேட்கிறேன் என்றாள். ஏன் வேண்டாம் என்ற கேள்வி எனக்கு நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவளும் நான் எடுத்ததையே எடுக்க வேண்டும் என்று என்னை அறியாமல் எதிர்பார்த்திருக்கிறேன். வாயை மூடிக்கொண்டேன்.

“நான் தப்பா சொல்லிட்டனாக்கா?” என்றாள் வெளியே வந்து.

“இல்ல. எல்லாம் கேட்டுட்டு நீயா சொன்ன. வலி வந்தப்புறம் மனசு மாறினா மாத்திச் சொல்லு. எப்ப எவ்வளவு வலிக்குதோ அப்ப அவ்வளவு சொல்லு.”

பிரசவத்தில் உடன் இருக்கப்போகும் பெண்ணின் பெயரைக் கொடுக்கச் சொன்னார்கள், பிள்ளை பெற்றவராக இருந்தால் நல்லது என்றார்கள். செல்வியின் மாமியாருக்கு ரத்தம் பார்த்தாலே தலை சுற்றும். படிவத்தை என்னிடம் நீட்டினாள். என் பெயரை எழுதினேன். உறவுமுறை என்ற இடத்தில் என்ன போடுவது என்று கேட்டேன். “அக்கான்னு போடுங்க,” என்றாள். அப்படியே எழுதி, என் ஃபோன் நம்பரையும் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.